மொட்டை மாடியில் சொந்த முயற்சியில் சூரிய மின்சாரம்: தமிழ்நாட்டில் அனுமதி பெறும் வழி

தன் வீட்டு மாடியில் சூரிய மின் அமைப்பைத் தானே நிறுவிக்கொள்ளலாமா என்ற கேள்விக்குச் சட்டம் தெளிவாகவே விடை சொல்லியிருக்கிறது. மத்திய அரசின் 2020ஆம் ஆண்டு மின் நுகர்வோர் உரிமை விதிகள், மின்சாரத்தை வாங்கவும் செய்து உற்பத்தியும் செய்கிற ஒருவர், கூரை மேல் சூரிய மின் அமைப்பைத் தாமாகவோ ஒரு நிறுவனத்தின் வழியாகவோ அமைத்துக்கொள்ளும் உரிமை உடையவர் என்று கூறுகின்றன. ஆகவே, விற்பனையாளர் ஒருவர் வந்துதான் எல்லாவற்றையும் செய்தாக வேண்டும் என்ற எண்ணம் தவறு. ஆனால் அந்த உரிமையோடு மூன்று நிபந்தனைகள் ஒட்டிக்கொண்டே வருகின்றன. மின் கம்பியில் கைவைப்பவர் யார், மானியம் பெறுபவர் யார், கடைசியில் அமைப்பை மின்வாரியக் கம்பியுடன் இணைப்பவர் யார் என்ற மூன்றுக்கும் தனித்தனி விதி உண்டு. இவற்றைப் புரிந்துகொள்ளாமல் முதலில் பேனலை வாங்கி மாடியில் ஏற்றிவிட்டுப் பிறகு அனுமதிக்கு அலைபவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள். இந்தக் கட்டுரை வீட்டு மின் இணைப்பு வைத்திருக்கும் ஒரு தமிழ்நாட்டுக் குடும்பத்துக்கானது; 10 கிலோவாட்டுக்கு மேற்பட்ட அமைப்புகளையும் தொழிற்கூடங்களையும் பற்றி இங்கே பேசவில்லை.

முதலில் முடிவெடுக்க வேண்டியது

மானியம் வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் முதல் கேள்வி. மற்ற எல்லாம் அதைப் பொறுத்தே அமையும். 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டத்தில், முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் மத்திய அரசு தருகிறது. 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் எவ்வளவு பெரிய அமைப்பாக இருந்தாலும் 78,000 ரூபாயே உச்ச வரம்பு. திட்டத்தின் காலம் 2026-27 நிதியாண்டு வரை. இந்தத் தொகையைப் பெற வேண்டுமென்றால் இரண்டு கட்டாயங்கள் உண்டு. திட்டத்தில் பதிவு செய்த நிறுவனம் ஒன்றுதான் அமைப்பை நிறுவியிருக்க வேண்டும்; பேனலும் அதனுள் இருக்கும் செல்லும் இரண்டுமே இந்தியாவில் தயாரானவையாக இருக்க வேண்டும். வெளிநாட்டுச் செல்லை வாங்கி இங்கே ஒட்டிச் சட்டமிட்ட பேனல், விலை குறைவாகக் கிடைத்தாலும், மானியக் கணக்கில் சேராது.

ஆகவே முழுக்க முழுக்கத் தன் கையால் நிறுவ விரும்புபவர் மானியத்தை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். என் கருத்தைக் கேட்டால், 3 கிலோவாட் வரையிலான வீட்டு அமைப்புக்கு 78,000 ரூபாயை இழப்பது சரியான கணக்கல்ல. அதற்குப் பதிலாக, திட்டமிடுவது, அளவெடுப்பது, பொருளைத் தேர்ந்தெடுப்பது, விண்ணப்பிப்பது, ஒவ்வொரு கட்டத்தையும் சரிபார்ப்பது ஆகிய அனைத்தையும் நீங்களே செய்து, நிறுவும் வேலையை மட்டும் பதிவு பெற்ற ஒரு சிறு நிறுவனத்திடம் ஒப்படைப்பது நல்லது. பல நிறுவனங்கள் இப்படி வரும் வாடிக்கையாளரை வரவேற்கவே செய்கின்றன, ஏனெனில் அவர்களுடைய பாதி வேலை குறைகிறது. மானியம் வேண்டாம், ஏற்கெனவே பேனல் கையில் இருக்கிறது, அல்லது மானிய வரம்புக்கு மேல் அமைப்பை விரிவாக்குகிறேன் என்பவர்கள் மட்டும் சொந்தமாக நிறுவும் வழியைத் தேர்ந்தெடுக்கலாம்.

மின்வாரியக் கம்பியோடு சேராமல், பேட்டரியை மட்டும் நம்பி, தனியாக இயங்கும் சிறு அமைப்பு ஒன்றை வைத்துக்கொள்பவருக்கு நெட் மீட்டர் (உள்ளே வரும் மின்சாரத்தையும் வெளியே போகும் மின்சாரத்தையும் தனித்தனியே அளக்கும் மீட்டர்) ஒப்பந்தமும் தேவையில்லை, மானியமும் கிடையாது. ஆனால் இணையக் கடைகளில் விற்கும், பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் சிறு இன்வெர்ட்டரை வாங்கி, சுவரில் உள்ள பிளக்கில் செருகி, யாருக்கும் சொல்லாமல் மின்சாரத்தை வீட்டுக் கம்பிக்குள் அனுப்பும் பழக்கம் பரவி வருவது எனக்கு மிகுந்த கவலை அளிக்கிறது. பழைய மீட்டர்களில் சில, வெளியே போகும் மின்சாரத்தையும் உள்ளே வந்ததாகவே எண்ணும். அப்படியானால் நீங்கள் உற்பத்தி செய்த யூனிட்டுக்கு நீங்களே கட்டணம் கட்டுவீர்கள். அதைவிடப் பெரிய ஆபத்து, மின்தடை என்று நம்பிக் கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேனுக்கு. இந்த நடைமுறை முழுவதும் முதலில் அவருடைய உயிரைக் காப்பதற்காகவே இருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், அலுவலகம் கேட்கும் ஒவ்வொரு காகிதத்தின் காரணமும் தானாகவே விளங்கும்.

இணைப்பு யார் பெயரில் இருக்கிறது

அனுமதி தாமதமாவதற்கு மிகப் பெரிய காரணம் தொழில்நுட்பமல்ல, பெயர். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் மின் இணைப்பு இன்னமும் காலமாகிவிட்ட தாத்தாவின் பெயரிலோ, வீட்டை விற்றவரின் பெயரிலோதான் இருக்கிறது. கட்டணம் தவறாமல் கட்டும் வரை யாரும் அதைக் கேட்பதில்லை. சூரிய மின் விண்ணப்பத்தில் மட்டும், மின் இணைப்பின் பெயர், ஆதார், வங்கிக் கணக்கு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டியிருக்கிறது. என் பெரியப்பா வீட்டில் அமைப்பை நிறுவ முடிவு செய்தபோது, இணைப்பு அவருடைய தந்தையார் பெயரில் இருந்தது தெரியவந்தது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், உடன்பிறந்தோரின் சம்மதக் கடிதம் எல்லாம் சேர்த்துப் பெயர் மாற்றம் செய்து முடிக்கவே, பேனல் ஏற்றுவதற்கு ஆனதைவிட அதிக நாட்கள் பிடித்தன. எனவே உங்கள் மின் கட்டண ரசீதை இன்றே எடுத்துப் பாருங்கள். பெயர் மாறியிருந்தால், கிரயப் பத்திரம் அல்லது வாரிசு ஆவணம், சொத்து வரி ரசீது, ஆதார் ஆகியவற்றுடன், மின்வாரியம் என்று நாம் சொல்லும் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் இணையதளத்திலேயே பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். இது முடியும் வரை வேறு எதையும் தொடங்க வேண்டாம்.

அதே ரசீதில் இன்னும் மூன்று செய்திகளைப் பார்க்க வேண்டும். ஒன்று, மின் இணைப்பு எண். மண்டலம், பிரிவு, பகிர்மானம், இணைப்பு என்ற வரிசையில் அமைந்த இந்த எண்ணை ஓர் இலக்கம் தவறாக இட்டாலும் விண்ணப்பம் வேறொரு பிரிவு அலுவலகத்துக்குப் போய்விடும். இரண்டாவது, கட்டண வகை. வீட்டு உபயோகத்துக்கான வகையில் இருக்கும் இணைப்புக்கே இந்த மானியம் உண்டு. முன்பகுதியில் கடை நடத்துவதற்காக வணிக வகைக்கு மாற்றிய இணைப்பில் விண்ணப்பித்தால் கிடைக்காது. மூன்றாவது, அனுமதிக்கப்பட்ட மின்பளு, அதாவது உங்கள் இணைப்பில் ஒரே நேரத்தில் எடுக்கக்கூடிய மின்திறன். பழைய வீடுகளில் இது 1 அல்லது 2 கிலோவாட் என்றே இருக்கக்கூடும். 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பம் குறையின்றி இருந்தால், தொழில்நுட்ப ஆய்வு இல்லாமலே ஏற்கப்பட்டதாகக் கருதப்படும். அதற்கேற்ப மின்பளுவை உயர்த்துவதும் பகிர்மான நிறுவனத்தின் பொறுப்பு. 5 கிலோவாட் வரையிலான அமைப்புக்காகத் தெருக் கம்பியையோ மின்மாற்றியையோ வலுப்படுத்த வேண்டியிருந்தால் அந்தச் செலவும் நிறுவனத்தையே சேரும். இந்த விதியைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அப்படியிருந்தும், பழைய மீட்டர்ப் பலகையும் மெல்லிய சர்வீஸ் கம்பியும் உள்ள வீட்டுக்காரர்கள் விண்ணப்பத்துக்கு முன்பே பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரை ஒருமுறை நேரில் சந்தித்துப் பேசிவிடுவதை நான் பரிந்துரைக்கிறேன். விதியைக் காட்டி வாதிடுவதைவிட, மாடியின் புகைப்படத்தையும் ரசீதையும் காட்டி ஆலோசனை கேட்பது வேலையை விரைவாக முடிக்கும்.

ஒரே வீட்டில் கீழ்த்தளத்துக்கும் மாடிக்கும் தனித்தனி இணைப்பு இருந்தால், எந்த மீட்டருடன் அமைப்பை இணைக்கிறீர்களோ அந்த இணைப்பின் கட்டணம் மட்டுமே குறையும். அதிகம் செலவாகும் இணைப்பைத் தேர்ந்தெடுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டை மாடி எல்லோருக்கும் பொதுவானது என்பதால், சங்கத்தின் தீர்மானமோ மற்ற உரிமையாளர்களின் எழுத்துவழிச் சம்மதமோ இல்லாமல் ஒரு துளை கூடப் போடக் கூடாது. பொது விளக்கு, தண்ணீர் மோட்டார், லிஃப்ட் ஆகியவற்றுக்காகச் சங்கமே விண்ணப்பித்தால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் என்ற தனி மானியம் இருக்கிறது.

எவ்வளவு கிலோவாட் என்று எழுதுவது

விண்ணப்பத்தில் திறனை எழுதும் இடத்தில் பலர் யோசிக்காமல் 3 அல்லது 5 என்று எழுதிவிடுகிறார்கள். தமிழ்நாட்டின் கட்டண முறையை அறிந்தவர் அப்படிச் செய்ய மாட்டார். இங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடுகிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் ஏறுகிறது. ஆகவே சூரிய மின்சாரம் முதலில் குறைப்பது உங்களுடைய மிக விலையுயர்ந்த யூனிட்டுகளைத்தான்.

2024 ஜூலையில் அறிவித்த கட்டணத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு மாதத்தில் 800 யூனிட் செலவாகும் வீட்டுக்கு, 101 முதல் 400 வரை யூனிட் 4.80 ரூபாய், 500 வரை 6.45, 600 வரை 8.55, 800 வரை 9.65 என்று கூட்டினால் 4,870 ரூபாய் வருகிறது. ஒரு கிலோவாட் அமைப்பு ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். 2 கிலோவாட் வைத்தால் இரண்டு மாதத்தில் 480 யூனிட் குறைந்து, நிகரப் பயன்பாடு 320 ஆகிறது. 500 யூனிட்டுக்குள் வந்துவிட்டதால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய் என்ற சலுகை விலையும் கிடைத்து, கட்டணம் 811 ரூபாயாக இறங்குகிறது. மூன்றாவது கிலோவாட்டையும் சேர்த்தால் நிகரப் பயன்பாடு 80 ஆகி, இலவச வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. அதாவது முதல் 2 கிலோவாட் மிச்சப்படுத்துவது 4,059 ரூபாய், மூன்றாவது மிச்சப்படுத்துவது வெறும் 811 ரூபாய். மானியமும் மூன்றாவதற்குக் குறைவு. ஏ.சி.யையோ மின்சார வண்டியையோ விரைவில் வாங்கப்போகிறவர் மூன்றாக எழுதலாம். மற்றவர்கள் கடந்த ஆறு ரசீதுகளை எடுத்து இந்தக் கணக்கைத் தம் வீட்டுக்குப் போட்டுப் பார்த்த பிறகே எண்ணை எழுத வேண்டும். 400 யூனிட்டுக்குக் கீழே செலவாகும் வீட்டில், 1 கிலோவாட்டே பெரும்பாலும் போதுமானது.

திறனை முடிவு செய்ததும் நிழலைப் பாருங்கள். ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி நிழலில்லாத இடம் தேவை. காலை 9 மணி, நண்பகல், மாலை 4 மணி என மூன்று வேளையும் மாடியில் நின்று, தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி அறை, பக்கத்து வீட்டுத் தென்னை ஆகியவற்றின் நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் அந்த மாத நிழலே மிக நீளமானது. தொடராக இணைத்த பேனல்களில் ஒன்றின் மீது விழும் நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் இழுத்துக் குறைக்கும்.

விண்ணப்பமும் வரைபடமும்

மானிய வழியில் செல்பவர்கள் அந்தத் திட்டத்தின் தேசிய இணையதளத்தில் கைபேசி எண்ணையும் மின் இணைப்பு எண்ணையும் கொடுத்துப் பதிவு செய்து, சமீபத்திய கட்டண ரசீதை ஏற்றி விண்ணப்பிக்க வேண்டும். கைபேசி எண் உங்களுடையதாகவே இருக்கட்டும். நிறுவனத்தின் முகவர் தன் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்துதர முன்வருவார். அப்படிச் செய்தால் ஒவ்வொரு கட்டத்திலும் வரும் கடவுச்சொல்லும் செய்தியும் அவர் கைக்குப் போகும், இடையில் வேறு நிறுவனத்துக்கு மாறவும் முடியாமல் சிக்கிக்கொள்வீர்கள். அனுமதி வந்த பிறகு, அதே தளத்தில் உள்ள பட்டியலிலிருந்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து ஒப்பந்தம் போடலாம். ஐந்தாண்டுப் பராமரிப்பு திட்டத்தின் நிபந்தனையாகவே இருப்பதால், அதற்கெனத் தனிக் கட்டணம் கேட்டால் மறுக்க வேண்டும்.

மானியம் இல்லாமல் நிறுவுபவர் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்திடம் நெட் மீட்டருக்கு விண்ணப்பிக்க வேண்டும். வீட்டு நுகர்வோருக்கு நெட் மீட்டர் முறையை அனுமதிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு விதிமுறை. இந்த வழியில் செல்பவரிடம்தான் அலுவலகம் அதிகக் கேள்விகள் கேட்கும், கேட்பதும் நியாயமே. ஆகவே, கேட்பதற்கு முன்பே ஒரு கோப்பைத் தயார் செய்து வைத்திருங்கள். அதில் முதலில் இருக்க வேண்டியது ஒற்றைக் கோட்டு வரைபடம். பேனல் வரிசை, நேர்மின் (டி.சி.) பெட்டி, இன்வெர்ட்டர், மாறுமின் (ஏ.சி.) பெட்டி, உற்பத்தி மீட்டர், நெட் மீட்டர், வீட்டு மெயின் என்று மின்சாரம் செல்லும் வழியை ஒரே தாளில் வரைந்து, ஒவ்வொரு இடத்திலும் கம்பியின் தடிமன், பிரேக்கரின் ஆம்பியர், எர்த்திங் எங்கே இறங்குகிறது என்பதை எழுத வேண்டும். பொறியாளர் முதலில் பார்ப்பதும் அதிக நேரம் பார்ப்பதும் இந்த ஒரு தாளைத்தான். கூடவே மாடியின் அளவு வரைபடம், பேனலின் தரவுத் தாள், இன்வெர்ட்டரின் சோதனைச் சான்றிதழ் ஆகியவற்றைச் சேருங்கள்.

இன்வெர்ட்டர் சான்றிதழில் ஒன்றை நீங்களே தேடிப் படிக்க வேண்டும். மின்வாரிய மின்சாரம் நின்றதும் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும் தன்மை அதற்கு இருக்கிறது என்பது சோதித்து உறுதி செய்யப்பட்டிருக்க வேண்டும். ஐ.இ.சி. 62116 என்பது அந்தச் சோதனையின் எண். அதற்கு இணையான இந்தியத் தர எண் ஐ.எஸ். 16169. இந்த இரண்டும் இல்லாத இன்வெர்ட்டரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். இதன் மறுபக்கத்தையும் வீட்டில் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: மின்தடையின்போது, நல்ல வெயில் அடித்தாலும், பேட்டரி இல்லாத இந்த அமைப்பு வீட்டுக்கு மின்சாரம் தராது.

எந்த வேலை உங்கள் கையால், எந்த வேலை உரிமம் உள்ளவர் கையால்

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள், கடைசியாக 2023இல் புதுப்பிக்கப்பட்டவை, மின்விளக்கு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை மாற்றுவதைத் தவிர நுகர்வோர் இடத்தில் நடக்கும் மற்ற மின் வேலைகளை மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே, தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்கின்றன. தமிழ்நாட்டில் அந்த உரிமத்தைத் தருவது மின் உரிமம் வழங்கும் வாரியம். ஆகவே, தானே நிறுவிக்கொள்ளும் உரிமை என்பது தானே ஒயரிங் செய்யும் உரிமை அல்ல. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, இணையத்தில் காணொளி பார்த்து எல்லாவற்றையும் தானே இணைத்தவர்களுக்கு, கடைசியில் நிறைவுச் சான்றில் கையெழுத்திட ஒருவரும் கிடைப்பதில்லை. வேறொருவர் செய்த வேலைக்குப் பொறுப்பேற்க எந்த நல்ல ஒப்பந்ததாரரும் முன்வர மாட்டார். அவரைத் தொடக்கத்திலேயே பேசி முடித்துவிட வேண்டும்; வரைபடத்தையே அவருடன் உட்கார்ந்து போடுவது இன்னும் சிறப்பு.

உங்கள் கையால் செய்யக்கூடியது நிறையவே இருக்கிறது. கால் ஊன்றும் சிமென்ட் பீடங்களை வார்ப்பது, இரும்புச் சட்டத்தைப் பொருத்துவது, பேனலைச் சட்டத்தில் ஏற்றி முடுக்குவது, குழாய்ப் பாதை அமைப்பது, எர்த்திங் குழி தோண்டுவது எல்லாம் அளவும் பொறுமையும் உள்ள எவரும் செய்யக்கூடியவை. 540 வாட் பேனல் ஒன்று ஏறக்குறைய 28 கிலோ எடையும் இரண்டேகால் மீட்டர் நீளமும் கொண்டது. காற்று வீசும் நேரத்தில் ஒற்றை ஆளாக அதைத் தூக்கி மாடி ஓரத்தில் நிற்க வேண்டாம். தமிழ்நாட்டில் பேனலின் முகம் தெற்கு நோக்கியும், சாய்வு ஏறக்குறைய 10 முதல் 13 பாகையாகவும் இருந்தால் போதும்.

சட்டத்தின் வலிமையில் மட்டும் எந்தச் சமரசமும் கூடாது. கட்டடங்களுக்கான காற்று விசையைக் கூறும் ஐ.எஸ். 875 தரநூல், மதுரைக்கும் கோவைக்கும் வினாடிக்கு 39 மீட்டர் என்றும் சென்னைக்கு 50 மீட்டர் என்றும் அடிப்படைக் காற்று வேகத்தைக் குறிக்கிறது. 50 மீட்டர் என்பது மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையிலும், 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கத்திலும் செய்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணின் பொருளை விளக்க வேண்டியதில்லை. காற்று பேனலைக் கீழே அழுத்துவதைவிட, அடியில் புகுந்து மேலே தூக்குவதே பெரிய ஆபத்து. மாடியில் உயரமாக, கீழே துணி காயப்போடும்படி சட்டம் அமைக்க விரும்பினால், ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் கணக்குப் போட்டு எழுத்தில் வாங்கிக் கோப்பில் சேருங்கள். கடலோர ஊர்களில் வெறும் பெயின்ட் அடித்த இரும்பு சில ஆண்டுகளில் உப்புக் காற்றில் உதிர்ந்துபோகும். சூடான துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த இரும்பையோ அலுமினியத்தையோ பயன்படுத்த வேண்டும்.

உரிமம் உள்ளவர் கையில் விட வேண்டியவற்றில் முக்கியமானது நேர்மின் பக்கம். ஆறு பேனல்களைத் தொடராக இணைத்தால் வெயிலில் 300 வோல்ட்டுக்கு நேர்மின்சாரம் நிற்கும். சூரியன் இருக்கும் வரை அதை அணைக்கச் சுவிட்ச் எதுவும் இல்லை. வீட்டில் நாம் பழகிய மாறுமின்சாரம் வினாடிக்கு நூறு முறை சுழியத்தைத் தொடுவதால் அதன் தீப்பொறி தானே அணைய வாய்ப்புண்டு. நேர்மின் பொறி அணையாமல் தொடர்ந்து எரியும். தளர்வாகப் பொருத்திய ஒரே ஒரு இணைப்பான் தீவிபத்துக்குப் போதுமானது. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்பான்களை ஒன்றோடொன்று சேர்ப்பதும் இதே காரணத்தால் தவறு, அவை கண்ணுக்குப் பொருந்துவதுபோல் தெரிந்தாலும்.

எர்த்திங் பற்றியும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆய்வில் அதிகம் தோல்வியடைவதாக நான் கண்டது இங்கேதான். பேனல் சட்டத்துக்கும் நேர்மின் பக்கத்துக்கும் ஒன்று, இன்வெர்ட்டரின் மாறுமின் பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என மூன்று தனித்தனிக் குழிகள் தேவை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், நிறுவியவர்கள் செலவை மிச்சப்படுத்த மூன்று கம்பிகளையும் ஒரே குழியில் இறக்கி மூடிவிட்டார்கள். ஆய்வுக்கு வந்த பொறியாளர் மூடியைத் திறந்து காட்டச் சொன்னபோதுதான் வீட்டுக்காரருக்கே அது தெரிந்தது. ஆகவே குழி மூடப்படும் முன் ஒவ்வொன்றையும் புகைப்படம் எடுத்துவையுங்கள். எர்த்திங்கின் மின்தடை (ரெசிஸ்டன்ஸ்) 5 ஓமுக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் தர வரையறை. கோடையில் மண் காய்ந்திருக்கும் நாளில் அளந்து பாருங்கள். மழைக்கு மறுநாள் எடுத்த நல்ல அளவு நம்பத்தக்கதல்ல.

ஆய்வும் மீட்டரும்

வேலை முடிந்ததும், ஒப்பந்ததாரர் கையெழுத்திட்ட நிறைவுச் சான்று, பேனல்களின் தொடர் எண் பட்டியல், இன்வெர்ட்டரின் எண், எர்த் அளவீடு, அமைப்போடு நீங்கள் நிற்கும் இடக்குறியீட்டு (ஜியோ-டேக்) புகைப்படம் ஆகியவற்றைச் சமர்ப்பித்து நெட் மீட்டர் கேட்க வேண்டும். பேனலை ஏற்றிவிட்டால் பின்புறம் ஒட்டியிருக்கும் தொடர் எண்ணைப் படிப்பது பெரும்பாடு. தரையில் இருக்கும்போதே ஒவ்வொன்றையும் படமெடுத்துவிடுங்கள். இந்தியத் தயாரிப்புதானா என்பதைச் சரிபார்க்கும் அரசுத் தளமும் இருக்கிறது. மானியம் கேட்பவர்கள் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கும் முன் எண்களை அதில் இட்டுப் பார்த்துவிட வேண்டும்.

சான்று கொடுத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் ஒப்பந்தம், மீட்டர், இணைப்பு ஆகியவற்றைப் பகிர்மான நிறுவனம் முடித்துத் தர வேண்டும் என்பது 2024ஆம் ஆண்டுத் திருத்தம். அதற்கு முன் இது 30 நாட்களாக இருந்தது. விண்ணப்பத்தின் ஒவ்வொரு நகர்வுக்கும் தேதியிட்ட ஒப்புகை உங்களிடம் இருந்தால்தான் இந்தக் காலவரையைச் சுட்டிக்காட்டிப் பேச முடியும். வாய்மொழியாக "மீட்டர் வரட்டும், சொல்கிறோம்" என்று சொன்னால், அதே நாளில் ஒரு பணிவான கடிதம் எழுதிக் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கட்டும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கேளுங்கள். ரசீது இல்லாத தொகை எதையும் கொடுக்க வேண்டியதில்லை.

ஆய்வு நாளில் பொறியாளர் மெயினை அணைத்து, இன்வெர்ட்டர் நிற்கிறதா என்று பார்ப்பார். மீண்டும் போட்டதும் அது உடனே இணையாமல், கம்பியின் வோல்டேஜையும் அதிர்வெண்ணையும் சற்று நேரம் கவனித்துவிட்டே இணையும். இயங்கவில்லையோ என்று பதற வேண்டாம். மீட்டர்ப் பலகைக்கருகில் "சூரிய மின் அமைப்பு உள்ளது, இரு பக்கமும் மின்சாரம் வரும்" என்ற எச்சரிக்கைப் பலகையை வைத்திருங்கள். மாடிக்குச் செல்லும் பிரேக்கர் எது என்பது வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் தெரிய வேண்டும். தீயணைப்பு வீரர் ஒருநாள் கேட்டால் அவர்கள்தான் காட்ட வேண்டியிருக்கும். மீட்டர் பொருத்தி, இயக்க ஒப்புதல் எழுத்தில் வரும் வரை இன்வெர்ட்டரை ஓட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

மானிய வழியில் வந்தவர்கள், இயக்க அறிக்கை தளத்தில் வந்தவுடன், வங்கிக் கணக்கு எண்ணையும் ரத்து செய்த காசோலையையும் ஏற்ற வேண்டும். பணம் நிறுவனத்துக்கு அல்ல, உங்கள் கணக்குக்கே வரும். 30 நாட்களுக்குள் என்பது அரசு அறிவித்திருக்கும் காலவரை. மானியத்தைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள் என்று சொல்லும் நிறுவனத்திடம் என்ன எழுதிக் கையெழுத்திடுகிறீர்கள் என்பதைக் கவனமாகப் படியுங்கள்.

முதல் மின் கட்டணப் பட்டியல் வரும்போது, மீட்டரில் உள்ளே வந்த யூனிட், வெளியே போன யூனிட் என்ற இரண்டு அளவுகளையும் படமெடுத்து வைத்துப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2021ஆம் ஆண்டு விதிமுறையில், மின்வாரியக் கம்பியைப் பயன்படுத்துவதற்கான நெட்வொர்க் கட்டணத்துக்கும் இடம் உண்டு என்பதால், அந்த வரியில் தொகை ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். இணைப்பு மாறிய மாதத்தில் பழைய மீட்டரின் இறுதி அளவும் புதிய மீட்டரின் தொடக்க அளவும் சரியாக ஏறியிருக்கிறதா என்பதே முக்கியம். வெளியே போன யூனிட் சுழியம் என்று வந்தால், கணினியில் உங்கள் இணைப்பு இன்னும் சாதாரண வகையிலேயே இருக்கிறது என்று பொருள். ஒப்பந்தப் பிரதி, மீட்டர் சோதனை அறிக்கை, இயக்க ஒப்புதல் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு அதே வாரத்தில் பிரிவு அலுவலகத்துக்குச் சென்று, அடுத்த கணக்கெடுப்புக்கு முன் வகையை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.